ரேஷன் கடை முதல் வாய்க்கால் பாலம் வரை

இப்போது கல்யாணத்துக்கோ கோயில் கொடைக்கோ பாட்டுப் போடப் போகிறவன் முதலில் காவல் நிலையத்துக்குப் போய் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். எந்தச் சாதியையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பேசும் பாட்டு என் பெட்டியிலிருந்து வராது, வந்தால் நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து டிஜேக்கள் எல்லாரும் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தொழிலை விட்ட பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. போன வாரம் முழுக்க அந்தத் தாளைப் பற்றித்தான் புலம்பல். "பாட்டுக் கேக்குதவன் எவனோ, மாட்டுதவன் நானா?" என்று ஒருவன் எழுதியிருந்தான். இன்னொருவன், "அண்ணாச்சி, ஒங்களுக்கு இதுல அனுபவம் உண்டு. நீங்க என்ன சொல்லுதிய?" என்று கேட்டிருந்தான்.

அனுபவம் உண்டு. கட்டைவிரலால் தட்டி அனுப்புகிற அளவில் அது அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர். வீட்டில் தேவாரத்தையும் வானொலிச் செய்தியையும் தவிர வேறு சத்தம் கிடையாது. நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமா படித்துவிட்டு மெட்ராசில் ஒரு பெரிய ஹோட்டலில் விளக்கு வேலைக்குச் சேர்ந்தேன். ஹோட்டலின் அடித்தளத்தில் ஒரு டிஸ்கோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்லூரிப் பிள்ளைகளுக்காகத் திறப்பார்கள். சுழல் விளக்கு ஒன்று நின்றுவிட்டது என்று ஒரு ஞாயிறு என்னை ஏணியோடு உள்ளே அனுப்பினார்கள். ஏணி உச்சியில் நின்றுகொண்டுதான் அந்த இசையை முதன்முதலாகக் கேட்டேன். கேட்டேன் என்பதுகூடச் சரியில்லை. அடித்தாளம் தரையிலிருந்து ஏணிக்கு ஏறி, ஏணியிலிருந்து என் முழங்காலுக்கு ஏறியது. வேகமாக நடக்கிற ஒரு ஆளின் நடை எப்படி இருக்குமோ அப்படி ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருந்தது. அதன் மேல் வயலின்கள் அலையலையாக வந்து போயின. விளக்கைச் சரிசெய்து முடித்தும் நான் இறங்கவில்லை. கீழே நின்றவர் ஏணியை ஆட்டித்தான் என்னை இறக்கினார்.

அப்படி ஆட்டியவர் மெல்வின் சார். அந்த டிஸ்கோவின் தலைமை டிஜே. அடுத்த மாதமே மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு அவருக்கு உதவியாளாகப் போய்விட்டேன். ஆறு வருஷம் இருந்தேன். அவர் எனக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. இசைத்தட்டுகளை ஈரத்துணியால் துடைத்து உறையில் போடுவதுதான் என் வேலை. தொட்டால் விளிம்பைத்தான் தொட வேண்டும். விரல் ரேகை விழுந்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்திருப்பார். ஒருநாளும் ஆடமாட்டார், காலால் தாளம்கூடப் போடமாட்டார். ஆடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டவே மாட்டார். அடுத்த தட்டை எடுக்கக்கூடப் பக்கவாட்டில் சாய்ந்துதான் எடுப்பார். ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் சின்னச் சின்ன எண்கள் இருக்கும். எத்தனையாவது நிமிஷத்தில் ஆடுகிறவர்களின் கால்கள் களைக்கின்றன என்ற கணக்கு அது.

அவரைப் பற்றி ஒன்று மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு கூட்டம் நெரிந்தது. பாட்டு உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மெல்வின் சார் திடீரென்று ஊசியைத் தூக்கினார். எல்லா விளக்கையும் போடச் சொல்லி எனக்குக் கை காட்டினார். ஒரே கூச்சல். ஏன் நிறுத்தினார் என்று எனக்கே புரியவில்லை. பிறகு பார்த்தேன், ஓரத்தில் இரண்டு கோஷ்டிப் பையன்கள் தோளைத் தூக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கையில் உடைந்த பாட்டில். வெளிச்சம் வந்ததும் அவன் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மேலாளர் ஓடிவந்து பாட்டைப் போடச் சொல்லிக் கத்தினார். மெல்வின் சார் குரலை உயர்த்தாமல், "போடறதுக்கு யாரு வேணா போடலாம் சார். எடுக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்ததும் பழையபடி சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பிறகு டிஸ்கோவை மூடிவிட்டு அந்த இடத்தில் உணவுக்கூடம் கட்டினார்கள். மெல்வின் சார் கப்பலில் வேலைக்குப் போனார். அதோடு தொடர்பு விட்டுப்போயிற்று. பழைய தட்டுகளைக் குப்பைக்குப் போடச் சொன்னார்கள். நான் மூன்று பெட்டியில் கட்டி ஊருக்கு எடுத்து வந்தேன்.

ஊரில் அந்த இசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டல் மாடியில் சனிக்கிழமை டிஸ்கோ என்று ஆரம்பித்துப் பார்த்தேன். ஒரு பெண்கூட வரவில்லை. நாற்பது ஆண்கள் வந்து ஒருவரை ஒருவர் பார்த்து ஆடிவிட்டு, பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான்காவது வாரத்தோடு ஓனர் கும்பிட்டுவிட்டார். பிறகுதான் கல்யாணங்களுக்கும் கொடைகளுக்கும் பாட்டுப் போடப் போனேன். டிஜே என்ற சொல் அப்போது இங்கே யாருக்கும் தெரியாது. டிஸ்கோ அண்ணாச்சி என்பார்கள். கேட்கிற சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு, இடையில் என் பெட்டியிலிருந்து ஒன்றை நுழைத்துவிடுவேன்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கொடையில் நையாண்டி மேளக்காரர்கள் காபி குடிக்க உட்கார்ந்த நேரம், ஒரு நீளமான தட்டைப் போட்டேன். பதினொரு நிமிஷம் ஓடுவது. அதில் சொற்களே கிடையாது. ஒரு பெண் குரல் வெறும் 'ஆ' என்று இழுக்கும், அவ்வளவுதான். ஏழாவது நிமிஷத்தில் வயலின், கித்தார், குரல் எல்லாம் ஒவ்வொன்றாக விலகி, அடித்தாளமும் கைத்தட்டலும் மட்டும் தனியாக நிற்கும். அந்த இடம் வந்தபோது தவில்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். தவிலைத் தோளில் மாட்டினார். தாளத்துக்குள் புகுந்தார். எங்கோ மேல்நாட்டில் எப்போதோ வாசித்தவனும் இவரும் எதிரெதிரே நின்று வாசிக்கிற மாதிரி இருந்தது. ஊரே எழுந்து ஆடியது. எந்தத் தெருக்காரன் எவன் பக்கத்தில் ஆடுகிறான் என்று அன்று யாரும் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை. அதனால்தான் அதை அவ்வளவு நேசித்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. எனக்கு அந்த ஏழாவது நிமிஷம் பிடிக்கும். அது வரும்போது மேலெல்லாம் சிலிர்க்கும்.

காலம் மாறியது. தட்டுகளை நானே மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டேன். ஊசியின் கரகரப்புகூட அப்படியே இருக்கும். ராஜாமணி என்ற வேன்காரர் கூட்டாளியாகச் சேர்ந்தார். என் வயதுதான். அவருடைய குட்டியானை வண்டியின் பின்னால் ஸ்பீக்கர்களையும் ஜெனரேட்டரையும் கட்டிக்கொண்டு ஊர்வலங்களுக்குப் போனோம். அந்தச் சமயத்தில்தான் வீரம் பேசும் பாட்டுகள் வரத் தொடங்கின. சினிமாவில் வராதவை. எங்கள் ஆள், எங்கள் ரத்தம், எங்கள் அரிவாள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்று. கையில் கலர் கயிறு கட்டிய பையன்கள் வந்து கேட்பார்கள். நான் போடமாட்டேன். "எங்கிட்ட இல்லையே" என்பேன். பென்டிரைவ் நீட்டினால், "வைரஸ் இருக்கும், பெட்டி செத்துரும்" என்பேன்.

அதைவிட முக்கியம், முந்தின நாள் போய் ஊர்வலப் பாதையை நடந்து பார்ப்பேன். ராஜாமணி சிரிப்பார். "பாட்டுப் போடப் போறியளா, ரோடு போடப் போறியளா?" என்பார். கையில் ஒரு தாள் வைத்திருப்பேன். எந்த வீட்டில் சாவு விழுந்து துட்டி, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள், எந்த இடத்தில் மின்கம்பி தாழ்ந்திருக்கிறது, தெரு எங்கே முடிந்து வேறு ஆட்களின் தெரு எங்கே தொடங்குகிறது என்று எல்லாம் எழுதுவேன். வேறு தெரு வாசலில் அமத்துகிற இடம் என்று ஒன்று குறிப்பேன். அங்கே பாட்டை முழுக்க அமத்திவிட்டு வண்டியை நிற்காமல் ஓட்டிக் கடக்க வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த இடத்தில் காரில் ஏறிக்கொள்ள வேண்டும். இதை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குவேன். அதுவரைக்கும் என் வண்டி போன ஊர்வலத்தில் ஒரு கைகலப்புகூட நடந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. நிறையவே இருந்தது.

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். மாப்பிள்ளையின் தாய்மாமன் துரை என்பவர்தான் என்னை அமர்த்தினார். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், பேச்சில் மரியாதை. முந்தின நாள் என்னோடு பாதை முழுக்க நடந்து வந்தார். மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை வீடு வரை போகிற வழியில் ரேஷன் கடைக்கும் வாய்க்கால் பாலத்துக்கும் நடுவே அடுத்த ஆட்களின் தெரு வந்து முட்டுகிறது. "இங்கன அமத்தணும். கடையிலேருந்து பாலம் வரைக்கும் வண்டி நிக்கப்பிடாது" என்றேன்.

"ஒங்க இஷ்டம் அண்ணாச்சி. நமக்கு வம்பு வேண்டாம்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "இதுல மாப்பிள்ளைக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான்."

"வெளிப் பென்டிரைவ் போடுத வழக்கம் இல்லை."

அவர் சிரித்துக்கொண்டு அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிவாக்கில் ஊர்வலம் கிளம்பியது. சரியான வெயில். முன்னால் ஆடுகிற பையன்கள், பின்னால் என் வண்டி, அதற்குப் பின்னால் மாப்பிள்ளை கார். நான் வண்டியின் பின்பக்கம், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தேன். ரேஷன் கடைக்குக் கொஞ்சம் முன்னால், பையன்கள் வெயிலில் தளர்ந்துவிட்டார்கள் என்று அந்தப் பதினொரு நிமிஷப் பாட்டைப் போட்டேன். கடை வருவதற்குள் இறக்கிவிடலாம் என்பது கணக்கு.

கடை வந்தது. என் விரல் ஒலியைக் குறைக்கும் பொத்தானின் மேல்தான் இருந்தது. அப்போது அவனைப் பார்த்தேன்.

அடுத்த தெருவின் வாயில், ஓரமாக நின்று ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். பெயிண்ட் அடிக்கிற வேலை என்பது பார்த்ததும் தெரிந்தது. மடித்துக் கட்டிய கைலியிலும் வெறுங்கால்களிலும் வெள்ளையும் நீலமுமாகச் சொட்டுகள். மாரியப்பன் என்று பெயர் பிறகுதான் தெரியும். ஊர்வலத்துக்காக அவன் ஆடவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்ப் பையன்கள் எந்தப் பாட்டுக்கும் தோளைக் குலுக்கித்தான் ஆடுவார்கள். இவன் ஆட்டம் எல்லாம் காலில். அந்தத் தாளம் எங்கே அடிக்கிறதோ அங்கே குதிகால், எங்கே விடுகிறதோ அங்கே விரல்நுனி. மெட்ராசில் ஆறு வருஷம் பார்த்த ஆட்டக்காரர்களில் ஒருவன்கூட அந்தப் பாட்டை அப்படிப் புரிந்துகொண்டதில்லை.

ஏழாவது நிமிஷம் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த இடத்தில் இவன் என்ன செய்வான் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டினேன். ராஜாமணி எட்டிப் பார்த்தார். "பைய... நிறுத்தும்வே. ரெண்டு நிமிஷம்" என்றேன்.

"அமத்துத இடமுல்லா இது?"

"தெரியும். நிறுத்தும்."

நிறுத்தினார்.

வயலின் விலகியது. குரல் விலகியது. அடித்தாளம் மட்டும் நின்றது. மாரியப்பன் கைகளைத் தொங்கவிட்டான். உடம்பு முழுக்க அசையாமல் நிற்க, ஒரு குதிகால் மட்டும் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. தவில்காரர் வாசித்தபோது சிலிர்த்ததைவிட அதிகமாகச் சிலிர்த்தது எனக்கு. மெல்வின் சார் மாதிரி கூட்டத்தின் தோள்களைப் பார்க்க வேண்டிய நேரம் அது. நான் அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று என் பாட்டின் மேலேயே இன்னொரு பாட்டு ஏறியது. மிக்சரின் பக்கவாட்டில் பென்டிரைவ் செருகுகிற வாய் ஒன்று உண்டு. அதில் யாரோ செருகி, ஒலியையும் ஏற்றிவிட்டிருந்தார்கள். வீரம் பேசும் பாட்டு. அடித்தாளத்தின் மேல் அதில் பாடுகிறவன் தன் சாதிப் பெயரைச் சொல்லிக் கத்தினான். பையன்கள் விசில் அடித்தார்கள். தளர்ந்து கிடந்தவர்களுக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிட்டது. நாலைந்து பேர் போய் மாரியப்பனைச் சுற்றிக்கொண்டார்கள்.

அவன் கண்ணைத் திறந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டான்.

"ஏலே, ஏன் நிறுத்திட்ட? இதுக்கு ஆடுலே."

"இதுக்கு ஆட மாட்டேன்" என்றான் அவன். சண்டைக் குரல் இல்லை. சாப்பாடு வேண்டாம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

அந்த நேரத்தில் நான் செய்ததை எழுதியே ஆக வேண்டும். ஜெனரேட்டரை அணைத்திருக்க வேண்டும். ஒரே இழுப்பு. ஆனால் இத்தனை வருஷப் பழக்கத்தில் என் கை முதலில் என் பாட்டைத்தான் தேடியது. அதைப் பையப் பைய, வெட்டு விழாமல், பக்குவமாகக் கீழே இறக்கினேன். நான் இறக்க இறக்க அந்த மற்றப் பாட்டு தெளிவாக, தனியாக மேலே வந்தது. அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டருக்குத் திரும்பினேன். சத்தம் நின்றபோது மாரியப்பன் தரையில் கிடந்தான். சீரியல் விளக்கு கட்டிய இரும்புக் குழாய் ஒன்று பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது.

ஊர்வலம் கலைந்து ஓடியது. பீடி சுற்றுகிற சுளகைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பெண் ஓடிவந்தாள். அவனுடைய அக்கா பேச்சியம்மாள். வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டு, தம்பி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள். வேறு வண்டி கிடைக்கவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் அவனைக் கிடத்தினோம். தலை அவள் மடியில், கால்கள் என் மடியில். ராஜாமணி பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினார். வழி முழுக்க அவள் அழவில்லை. "ஏ மாரி, ஏ மாரி" என்று தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பத்தமடை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் மடியிலிருந்த கால்கள் கனத்துவிட்டன. அவளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவள் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

மடிக்கணினி, மிக்சர், பென்டிரைவ் எல்லாவற்றையும் போலீஸ் எடுத்துக்கொண்டது. இரண்டு பையன்கள் மீது கொலை வழக்கு. துரை மீது தூண்டிவிட்டதாக வழக்கு. பென்டிரைவைச் செருகியது அவர், "விடாதீங்கலே" என்று கத்தியதும் அவர் என்று. கத்தியது எனக்குக் கேட்கவில்லை, ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்பவனுக்கு எதுவும் கேட்காது. ராஜாமணிக்குக் கேட்டது. போலீசில் அப்படித்தான் சொன்னார்.

அதோடு தொழிலை விட்டேன். வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்கு ஒரு மாதம் முன்பு துரை என் வீட்டுக்கு வந்தார். ஜாமீனில் இருந்தார். பழக்கூடையோடு வந்து, செருப்பை வாசலில் கழற்றி, என் மனைவி கோமதியைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி பொய் சொல்ல வேண்டாம். பாத்ததைப் பாத்தேன்னு சொல்லுங்க. பாக்காததைப் பாத்தேன்னு மட்டும் சொல்லிராதிய. அவ்வளவுதான் நான் கேக்குதது" என்றார். காபியைக் குடித்துவிட்டு எழும்போது, "மக தென்காசியில டீச்சரா இருக்காளாமே? தினம் பஸ்ஸிலயா போயிட்டு வாரா?" என்றார்.

அவர் போனதும் கோமதி டம்ளரைக் கழுவாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "அவரு சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே. பாத்ததைத்தானே சொல்லச் சொல்லுதாரு?" என்றாள்.

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

பாளையங்கோட்டைக் கோர்ட்டில் எனக்கு முந்தின நாள் ராஜாமணி சாட்சி சொன்னார். எதுவும் கேட்கவில்லை, எஞ்சின் சத்தம் என்று சொல்லிவிட்டார். அவர் வீடு அந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பேச்சியம்மாளும் சாட்சி சொல்லியிருந்தாள். முதலில் அடித்தது யார், எத்தனை பேர் என்று வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டபோது, "பாக்கலையே" என்று மட்டும் சொன்னாளாம்.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். பென்டிரைவை முந்தின நாள் துரை என்னிடம் நீட்டியதைச் சொன்னேன். நான் மறுத்ததைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"ஊர்வலத்தன்று மிக்சரில் பென்டிரைவைச் செருகியது யார் என்று நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

துரை எனக்கு நேரே நின்றிருந்தார். அவர்தான் செருகினார். அந்தச் சமயம் வண்டியை ஒட்டி வேறு யாரும் இல்லை, சூரியன் கிழக்கே உதிப்பது போல அது எனக்குத் தெரியும். பார்த்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது பொய். ஆனால் அந்தப் பொய்தான் நடந்தது.

"சொல்லுங்கள். பார்த்தீர்களா?"

"பார்க்கலை" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அந்த உண்மை எனக்கு வசதியாக இருந்தது. சொல்லும்போது என் மனத்தில் இருந்தது சத்தியமா, தென்காசி பஸ்ஸா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வண்டியை ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று அரசு வக்கீலும் கேட்கவில்லை, எதிர்த்தரப்பும் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

தீர்ப்பு நாளன்று போகாமல் இருக்க முடியவில்லை. பையன்கள் இருவருக்கும் ஆயுள். ஒருவனுக்கு அப்போதுதான் மீசை சரியாக முளைத்திருந்தது. அவன் அம்மா வராந்தாவில் விழுந்து புரண்டாள். துரையை ஆதாரம் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். படியிறங்கி வந்தவர் கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கண்டுபிடித்து, நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கும்பிட்டைப் பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். வேப்பமரத்தடியில் நின்றவள் நேராக என்னிடம் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பிரிந்த பிறகு நாங்கள் பேசியதே இல்லை. இளைத்துப் போயிருந்தாள். திட்டுவாள், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் பேசுவதற்கு முன்னால் நானே சொன்னேன்.

"அம்மா, வண்டிய அங்கன நிறுத்தச் சொன்னது நான்தான்."

"தெரியும். நீங்க தகரத்தைத் தட்டுனதைப் பாத்தேன்" என்றாள்.

"நிறுத்தாம போயிருந்தா—"

"பென்டிரைவைச் செருகையில அவரு கை உங்க பக்கத்துலதான இருந்திருக்கும்? ஒரு மொழம் இருக்குமா? அதைப் பாக்கலைன்னுட்டிய." குரல் உயரவில்லை. "அப்ப எங்கனதான் பாத்துக்கிட்டு நின்னிய?"

வக்கீல்களுக்குப் பதில் சொல்வது இதைவிடச் சுலபமாக இருந்தது.

"ஒங்க தம்பி காலைத்தான் பாத்துட்டு நின்னேன்" என்றேன்.

அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் அங்கனதான் பாத்துட்டு இருந்தேன்" என்றாள்.